ஒன்றுமே நடக்காத பால்யத்தை எப்படி வரைவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தன் சிறுவயதைப் படங்களோடு ஒரு சிறிய நினைவு நூலாகச் செய்துகொண்டிருக்கிறார். கையில் இருப்பவை மூன்று காட்சிகள்: மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு பெரியவர்கள் பேசுவதைக் கேட்டது, காய்ச்சலில் கிடந்த ஒரு மதியம், வீடு காலி செய்த நாள். “பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே, இதை யார் படிப்பார்கள்? எழுதினால் எல்லாம் ஏக்கமாகவே வழிகிறது. படம் எதைச் சொல்ல வேண்டும், எழுத்து எதைச் சொல்ல வேண்டும் என்றும் பிடிபடவில்லை” என்கிறார்.

படம் போட்ட நினைவு நூல்களைப் படிப்பதும், அப்படி எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்ப்பதும், நானே சில பக்கங்கள் வரைவதுமாகப் பல வருடங்கள் போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் மூன்று காட்சிகளும் நல்ல காட்சிகள். முதல் காட்சி ரொம்பவே நல்ல காட்சி.

ஒன்றும் நடக்கவில்லையே என்ற பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேய ஓவியர் ரேமண்ட் பிரிக்ஸ் 1998-ல் ‘எதெல் அண்ட் எர்னஸ்ட்’ என்று தன் பெற்றோரைப் பற்றி ஒரு சித்திர நூல் போட்டார். அப்பா வீடு வீடாகப் பால் போடுகிறவர். அம்மா கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய வீட்டில் பணிப்பெண். இருவரும் சந்தித்த காலம் முதல் 1971-ல் இருவரும் இறந்தது வரை, நாற்பது வருடத்துக்கும் மேலான கதை. அதன் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. பேசிக்கொள்கிறார்கள், சின்னச் சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொள்கிறார்கள், வயதாகிறது. உலகப் போரைக்கூட நாம் பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் பார்க்கிறோம். அதைப் படித்து முடித்துவிட்டு உடனே எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். அதனால் சம்பவம் போதவில்லை என்ற கவலையை விட்டுவிடுங்கள். அமைதியான புத்தகம் சுவையில்லாமல் போனால், அநேகமாக அதில் பொருள்களும் இடமும் போதாமல் இருக்கும்.

அடுத்தது ஏக்கம். நாஸ்டால்ஜியா என்ற சொல்லின் கதை இங்கே உதவும். 1688-ல் பாசெல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் அந்தச் சொல்லை உண்டாக்கினார். வெளியூரில் இருக்கும் சுவிஸ் மக்கள் ஊர் நினைப்பில் இளைத்து நோயில் விழுவதற்கு அவர் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் ‘நோஸ்தோஸ்’ என்றால் வீடு திரும்புதல், ‘அல்கோஸ்’ என்றால் வலி. சொல்லுக்குள் இரண்டு பாதி இருக்கிறது. எழுத உட்காரும் பெரும்பாலோர் வலிப் பாதியை மட்டும் எழுதிவிடுகிறார்கள். “அந்த நாட்கள் திரும்ப வருமா” என்று தொடங்கும் பக்கத்தில் வலி இருக்கிறது, திரும்பிப் போக ஒரு இடம் இல்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும், கைப்பிடி குழந்தையின் நெஞ்சு உயரத்தில் இருந்ததா தலைக்கு மேலே இருந்ததா, தரை எங்கே குளிர்ந்திருக்கும், இதெல்லாம் இருந்தால்தான் வாசகர் அந்த வீட்டுக்குள் போக முடியும். உள்ளே போய்விட்டார் என்றால் வலி தானாக வரும். அவருடைய வலியாக வரும், அதுதான் முக்கியம்.

நான் சொல்ல வருவது மொத்தமாக இதுதான்: ஏக்கத்தை எழுதவே வேண்டாம், குழந்தையின் உயரத்தை வரையுங்கள். சொல்ல எளிதாக இருக்கிறது, செய்வது அப்படி இல்லை. உங்கள் மேஜையை வைத்தே பார்ப்போம்.

இப்போது நீங்கள் நினைவிலிருந்து அந்தக் காட்சியை வரைந்தால் என்ன வரும்? ஒரு அறை, நடுவில் மேஜை, சுற்றிலும் பெரியவர்கள், கீழே சுருண்டு படுத்திருக்கும் ஒரு சின்னப் பையன். அநேகமாக அப்படித்தான் வரைந்திருப்பீர்கள். அந்தப் பையனை அப்படி யார் பார்த்தார்கள்? நீங்கள் பார்த்திருக்க முடியாது, நீங்கள்தானே மேஜைக்கு அடியில் இருந்தீர்கள். இது எல்லோருக்கும் நடப்பதுதான். 1983-ல் நிக்ரோ, நைசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சில நினைவுகளில் நாம் நம் கண்ணிலிருந்தே பார்க்கிறோம், சிலவற்றில் வெளியே நின்று நம்மையே பார்க்கிறோம். பழைய நினைவுகளில்தான் இந்த வெளிப்பார்வை அதிகம் என்று கண்டார்கள். வருடம் ஏற ஏற நாம் நம் நினைவுக்குள்ளிருந்து எழுந்து, சுவரோரம் போய் நின்றுகொள்கிறோம். ஏக்கம் வழிவது அங்கேதான். “பாவம், சின்னப் பிள்ளை” என்று நம்மையே பார்த்து உருகுகிறோம்.

சரி, மேஜைக்கு அடியில் மறுபடி போய்ப் படுங்கள். நிஜமாகவே சொல்கிறேன், ஏதாவது ஒரு மேஜைக்கு அடியில் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். ‘ஃபன் ஹோம்’ என்ற சித்திர நினைவு நூலை வரைந்த அலிசன் பெக்டல், ஒவ்வொரு பாத்திரத்தின் நிலையிலும் தானே உட்கார்ந்தும் நின்றும் ஃபோட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தவர். உடம்பை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தால், யோசித்து எடுக்க முடியாதது கிடைக்கும்.

மேஜையின் மேல்பலகை பளபளவென்று இருக்கும், அடிப்பக்கத்தில் பெரும்பாலும் வார்னிஷ் இருக்காது. சொரசொரவென்ற மரம். தச்சர் பென்சிலால் போட்ட ஒரு கோடு, பக்கத்தில் ஒரு எண். சட்டத்தின் இடுக்கில் வழிந்து இறுகிப்போன பசை. சற்றே வளைந்த ஒரு ஆணி. வீட்டுப் பெரியவர்கள் யாரும் அந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டார்கள், அதைப் படித்த ஒரே ஆள் நீங்கள். அதற்குக் கீழே கால்கள். முகம் இல்லாத பெரியவர்கள். ஒருவர் கால்மேல் கால் போட்டிருக்கிறார், மேலே இருக்கும் பாதம் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர் செருப்பைப் பாதி கழற்றி, விரலால் பிடித்துவைத்திருக்கிறார். குரல்கள் மரத்தின் வழியாக மந்தமாக வருகின்றன, சொற்கள் உடைந்து உடைந்து கேட்கின்றன.

இதை இரண்டு பக்கமாகப் போடுங்கள். முதல் படத்தில் இரண்டு ஜோடிக் கால்கள், எதிரும் புதிருமாக. கீழே ஒரே வரி: “அன்று அவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.” பக்கத்தைத் திருப்பினால் அதே இடம், அதே கோணம், ஆனால் ஒரு ஜோடிக் கால் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. கீழே: “மரத்தில் ஏழு என்று எழுதியிருந்தது.”

படம் எது, எழுத்து எது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா, இதைத்தான் பதிலாக வைத்திருந்தேன். அங்கே ஒரு சண்டை நடந்தது என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது, குழந்தைக்குத் தெரியவில்லை. சண்டையைப் படம் வைத்துக்கொண்டது. குழந்தை எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பதை எழுத்து வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, வாசகர் அதில்தான் உட்காருகிறார். “அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள், எனக்கு அழுகையாக வந்தது” என்று எழுதி, அதற்கு மேலே அழும் குழந்தையையும் வரைந்தால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னதாகும், உட்கார இடம் இருக்காது. உங்கள் வரைவுப் பக்கங்களில் எழுத்தைக் கையால் மறைத்துப் படத்தை மட்டும் பாருங்கள். அப்புறம் படத்தை மறைத்து எழுத்தை மட்டும் படியுங்கள். இரண்டு தடவையும் முழுக்கதையும் வந்துவிட்டால் எழுத்தில் பாதியை எடுத்துவிடலாம்.

படமும் எழுத்தும் ஒன்றையொன்று விளக்க வேண்டியதே இல்லை என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ‘டோட்டோ-சான்’. ஜப்பானைச் சேர்ந்த தெத்சுகோ குரோயானாகி தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதிய புத்தகம், 1981-ல் வந்தது. அதில் இருக்கும் சிஹிரோ இவாசாகியின் நீர்வண்ணப் படங்களைப் பார்த்தவர்கள், கதையைப் படித்துவிட்டு வரைந்தவை என்றே நினைப்பார்கள். ஆனால் இவாசாகி 1974-லேயே காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களிலிருந்து தேர்ந்தெடுத்துச் சேர்த்தவை அவை. ஒரு தொப்பி, ஒரு திரும்பிய முகம், விளிம்பில் கரைந்துபோகும் நிறம். கதையில் வரும் சம்பவம் படத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை இருந்தால் போதும்.

இப்போது ஃபோட்டோ ஆல்பம். நினைவு நூல் செய்கிறவர்கள் முதல் வேலையாக ஆல்பத்தைத் திறப்பார்கள். தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. இருபது பேரிடம் அவர்களுடைய சிறுவயது ஃபோட்டோக்களைக் காட்டினார்கள், அதில் ஒன்று மட்டும் பொய். குழந்தையாக இருந்த அவர்கள் வெப்பக்காற்றுப் பலூனில் பறப்பது போல ஒட்டுவேலை செய்த படம். பலூனில் அவர்கள் போனதே இல்லை. ஆனால் மூன்று சந்திப்புகள் முடிவதற்குள், பாதிப் பேர் அந்தப் பயணம் கொஞ்சமாவது நினைவிருப்பதாகச் சொன்னார்கள். பொய்ப் படத்துக்கே அவ்வளவு வலு என்றால், உண்மையான ஃபோட்டோ உங்கள் நினைவின் மேல் எவ்வளவு கனமாக உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பார்த்தபின் நீங்கள் வரைவது அந்த ஃபோட்டோவைத்தான். அதிலும் ஃபோட்டோ எடுத்தவர் ஒரு பெரியவர், கேமரா அவர் கண் உயரத்தில் இருந்தது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் அந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து ஒரு தாளில் போடுங்கள். அளவெல்லாம் வேண்டாம். வாசலிலிருந்து உள்ளே நடந்துகொண்டே போடுங்கள். எந்த அறை தாளில் தேவைக்கு மேல் பெரிதாக வருகிறது, எந்த மூலை வெறுமையாக நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு அப்படிப் போட்டபோது ஒரு அறையை வரையவே முடியவில்லை. அது எப்போதும் பூட்டியிருந்த அறை என்பதே அப்புறம்தான் உறைத்தது. தரைப்படத்துக்குப் பிறகு காட்சிகள். அதற்கும் பிறகு ஆல்பம். பெரும்பாலானவர்களின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் போவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். அதற்கு முந்தையதாக ஒரு காட்சி இருந்தால் அநேகமாக யாரோ சொல்லிக் கேட்டதாக இருக்கும். “அம்மா சொல்வாள்” என்று தொடங்கி அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆல்பத்தைப் பார்த்தபின் உங்கள் படம் தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வது? என்னுடைய ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். தாத்தா வீட்டு மாடிப்படியை நினைவிலிருந்து வரைந்தேன். பதினைந்து படி வந்தது. மேலே போகப் போக இருட்டு, கடைசிப் படி தாளின் விளிம்பைத் தொடுகிறது. அக்காவிடம் காட்டினேன். “ஏதுடா பதினைந்து? எட்டுதான்” என்றாள். பழைய ஃபோட்டோ ஒன்றில் அந்தப் படிகள் தெரிகின்றன, எண்ணினால் எட்டு. இரண்டு நாள் அந்தத் தாளை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருத்தினால் அது ஒரு சாதாரண மாடிப்படி ஆகிவிடும். குட்டைக் காலால் ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதத்தையும் வைத்து வைத்து ஏறியவனுக்கு அது பதினைந்தாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் படத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே இரண்டு வரி சேர்த்தேன்: “அக்கா எட்டு என்கிறாள். ஃபோட்டோவிலும் எட்டுதான்.” என் பக்கங்களைப் பார்த்தவர்கள் அதிகம் நின்ற பக்கம் அதுதான். நினைவு தவறியதைத் திருத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அங்கே வெவ்வேறு வயதில் இரண்டு ஆட்கள் நிற்பார்கள், அன்றைய குழந்தையும் இன்றைய நீங்களும்.

காய்ச்சல் மதியத்துக்கு வருவோம். இதில் சிக்கல் நேரம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு மதியம் எவ்வளவு நீளம் என்று எழுத்தில் சொல்ல வேண்டுமானால் “நேரம் நகரவே இல்லை” என்று எழுத வேண்டியிருக்கும், அது யாரும் எழுதக்கூடிய வரி. படத்துக்கு இதில் வசதி அதிகம். சித்திரக் கதையில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் விதங்களை, சித்திரக் கதை ஓவியரான ஸ்காட் மெக்ளவுட் 1993-ல் ஆறாகப் பிரித்தார். அதில் ஒன்றில் செயலே இருக்காது, ஒரே இடத்தின் வெவ்வேறு பக்கங்களை மட்டும் கண் சுற்றிவரும். ஜப்பானியச் சித்திரக் கதைகளில் அது நிறைய வருகிறது என்றும் காட்டினார். உங்கள் மதியம் அதற்காகவே செய்தது போல இருக்கிறது. கூரையில் ஒரு விரிசல். தண்ணீர் டம்ளரின் மேல் மூடிய தட்டு. திரைச்சீலையின் ஓரம். மறுபடி விரிசல், இப்போது அது ஒரு நாயின் வால் போல இருக்கிறது. சுவரில் வெளிச்சம் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. மறுபடி டம்ளர். நெற்றிக்கு ஒரு கை வருகிறது, கை மட்டும், முகம் வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒன்பது சின்னக் கட்டங்கள், எழுத்தே இல்லாமல். அடுத்த பக்கத்தில் ஒரே பெரிய படம்: வியர்த்து, காய்ச்சல் விட்டு, அறை திடீரென்று சரியான அளவுக்கு வந்த கணம். காய்ச்சலில் அறை பெரிதாகவும் சிறிதாகவும் தோன்றும், அது உங்களுக்கும் நினைவிருக்கும்.

நிறம் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. பழைய காலம் என்றாலே பழுப்பு நிறம் பூசுகிறார்கள். நம் பால்யம் பழுப்பாக இருந்ததே இல்லை, பழுப்பாக இருப்பது அந்தக் காகிதம். பழைய கலர் பிரிண்டுகள் பலவற்றில் சயான் என்ற பச்சைநீலச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் படம் முழுக்கச் செம்மை ஏறிக் கிடக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, அந்த நாட்களின் வெயிலே அந்த நிறம்தான் என்று நினைத்துக்கொண்டோம். குழந்தைக்கு நிறங்கள் முரட்டுத்தனமாக இருந்தன. வாளியின் நீலம், பள்ளிப் பையின் சிவப்பு. ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் பென்சிலில் விட்டுவிட்டு, குழந்தை எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதற்கு மட்டும் முழு நிறம் கொடுத்துப் பாருங்கள்.

வீடு காலி செய்த நாள்தான் மூன்றில் ஆபத்தானது. அந்த நாளே ஏற்கெனவே கண்ணீரோடு வருகிறது. சுவரில் மாட்டியிருந்த படத்தை எடுத்ததும் அங்கே மட்டும் நிறம் மங்காமல் ஒரு சதுரம் தெரியும் என்று எல்லோரும் வரைகிறார்கள். அது உண்மைதான், ஆனால் நூறு தடவை பார்த்துவிட்டோம். அன்று உங்களுக்கு மட்டும் நடந்தது எது? காலி அறையில் கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி திரும்பி வந்ததா? வண்டியில் போகும்போது உங்கள் கையில் எந்தப் பொருளைக் கொடுத்து “பத்திரமாக வைத்துக்கொள்” என்றார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த நாளை முழுக்கத் தன் மடியில் இருந்த ஒரு சுவர்க் கடிகாரத்தை வைத்தே வரைந்தார். வழியெல்லாம் அது மடியில் ஓடிக்கொண்டிருந்ததாம். வீடு ஒரு படத்தில்கூட இல்லை. அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அப்படிப்பட்ட ஒரு பொருள் உங்களுக்கும் கிடைக்கும், தேடுங்கள்.

உயிரோடு இருக்கும் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சுக்குப் போகும் முன் அவர்கள் வரும் பக்கங்களை அவர்களிடம் காட்டுங்கள். அனுமதி கேட்பது போல ஆக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினால் போதும். பெற்றோருக்கு வயதாகியிருந்தால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். நீங்கள் கேட்காமலே அவர்கள் ஏதாவது சொல்வார்கள், அது புத்தகத்தில் போகும், அல்லது போகாமல் உங்களிடம் இருக்கும்.

அச்சு வேலையில் இரண்டு மூன்று விஷயம் மட்டும். பக்கங்களைப் பதினாறின் மடங்காகத் திட்டமிட்டால் அச்சகத்தில் வசதி, உங்கள் மூன்று காட்சிகளுக்கு முப்பத்திரண்டு பக்கம் தாராளம். பென்சில், நீர்வண்ணப் படங்களைக் குறைந்தது 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். பூச்சில்லாத காகிதம் இந்த மாதிரிப் புத்தகத்துக்குக் கையில் பிடிக்க இதமாக இருக்கும், ஆனால் மையை உறிஞ்சும், நிறம் ஒரு படி இறங்கும். அதனால் ஒரு மாதிரிப் பக்கம் அடித்துப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பரவும் படம் வைத்தால், நடு மடிப்பில் முகமோ கையோ போய் விழாமல் பாருங்கள். நூலால் தைத்த கட்டு நன்றாக விரியும்.

காட்சிகளின் வரிசையை நீங்கள் நடந்த படியே வைத்திருக்கிறீர்கள், வீடு காலி செய்வதில் முடிகிறது. அங்கே முடித்தால் புத்தகம் முழுவதும் ஒரு விடைபெறுதலாக ஆகிவிடும் என்று எனக்குப் படுகிறது. வீடு காலி செய்த நாளை முதலில் வையுங்கள். அப்புறம் காய்ச்சல். மேஜை கடைசியில் வரட்டும். கால்கள் கதவுப் பக்கம் திரும்பிய அந்தப் பக்கத்துக்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு பக்கம். கால்கள் போய்விட்டன, நாற்காலி காலியாக இருக்கிறது, மேலே மரத்தில் அந்த எண். எங்கிருந்தோ உங்கள் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயர் மட்டும் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில். குழந்தை இன்னும் வெளியே வரவில்லை.